உள்ள நலம் உரைத்த அபூ ஸைது அல்பல்கீ

உடல் சுட்டால் மருத்துவரை நாடுகிறோம். உள்ளம் வெதும்பினால் யாரை நாடுவது? இதனைப் பொதுமக்களின் வினாவாகவே ஏற்று, அவர்களுக்கு விளங்கும் நடையில் விடையெழுதிய முன்னோடிகளுள் ஒருவர் அபூ ஸைது அஹ்மது இப்னு ஸஹ்ல் அல்பல்கீ.

இன்றைய ஆப்கானிஸ்தானின் வடக்கேயுள்ள பல்கு நகரையடுத்த ஷாமிஸ்தியான் என்னும் சிற்றூரில் கி.பி. 850 வாக்கில் அவர் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். இளமையில் கால்நடையாகவே இராக் சென்று, எட்டாண்டுகள் தங்கித் தத்துவமும் மருத்துவமும் வானியலும் கற்றார். அல்கிந்தியின் மாணவர் என்பது மரபு. ஊர் திரும்பியபின், தம்மைத் தேடி வந்த அமைச்சர் பதவியை மறுத்து, எழுத்தர் பணியே போதுமென்றார். முகத்தில் அம்மைத் தழும்பு. கூட்டத்தை நாடாத கூச்ச இயல்பு. இத்தகையவர் ஊரார் உள்ளங்களை இத்துணை உற்று நோக்கியிருப்பது வியப்புக்குரியதே.

அவர்தம் ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ உடல், உள்ளம் இரண்டின் நலனையும் பேசுவது. உள்ளத்துக்கென எட்டு அதிகாரங்கள். சில உடல்நோய்கள் சிலரை வாழ்நாள் முழுதும் அண்டாமலே போகலாம். சினமும் துயரும் அச்சமும் வாட்டாத மனிதர் இல்லை. அவ்வாறிருந்தும் அக்கால மருத்துவர்கள் மருந்தையும் குருதி நீக்கலையுமே அறிந்திருந்தனர் என்பது அவருடைய குறை.

காரணம் தெரிந்த துயரையும் தெரியாத துயரையும் அவர் பிரித்துக் காட்டினார். இழப்பால் வந்த துயருக்கு நல்லோர் தேற்றமும் தன் சிந்தனையும் மருந்து. காரணமற்றதன் வேர் உடலில், குருதியில் இருக்கலாம் எனக் கருதினார். குருதிக் கொள்கை இன்று நில்லாது. பிரிவினையோ இன்றும் சிந்திக்கத்தக்கது. அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாகப் பழகிக்கொள்ளுமாறும், ஓயாத வீண் எண்ணங்களால் அலைக்கழிவோர் தனிமையைத் தவிர்க்குமாறும் கூறினார். வீட்டில் மருந்தை முன்கூட்டியே வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாயிருக்கும் வேளையிலேயே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொன்னது, தேர்வுக்கு அஞ்சும் நம் மாணவர்க்கும் பொருந்தும்.

எழுத்தால் அவர் இழந்ததும் உண்டு. தம் நூல்கள் பிடிக்காமற்போனதால் உதவித்தொகையை நிறுத்திய புரவலர்களும் இருந்தனர். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

934இல் மறைந்தார். அவருடைய புவியியல் நூலின் மூலம் கிடைக்கவில்லை; அல் இஸ்தக்ரீ, இப்னு ஹவ்கல் ஆகியோர் வழியே அம்மரபு வாழ்ந்தது. உள்ள நலம் பேசிய நூலோ இஸ்தான்புல் ஆயாசோஃபியா சேகரிப்பில் கையெழுத்துப் படியாக நெடுங்காலம் கிடந்தது. 1984இல் ஃபுவாத் செஸ்கின் அதன் படிவத்தை ஜெர்மனியில் அச்சேற்றினார். உள்ளத்தைப் பற்றிய பகுதி, மாலிக் பத்ரியின் ஆங்கில மொழிபெயர்ப்பாக 2013இல் வெளிவந்தது.