பம்மல் சம்பந்தனார்: நகையும் பகையும்

கூத்தாடி என்னும் சொல் வசையாக வழங்கிய காலத்தில், கற்றோரை அரங்கேற்றியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த அவர், இளமையில் தமிழ் நாடகத்தை இகழ்ந்தவரே. 1891இல் பல்லாரியிலிருந்து வந்த சரச வினோதினி சபையார் தெலுங்கு நாடகங்களை நடித்தனர். வழக்கறிஞராகிய கிருஷ்ணமாசார்யலு நாணமின்றி வேடம் புனைந்தது அவர் மனத்தை மாற்றியது. அவ்வாண்டு சூலைத் திங்களிலேயே நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

பல்லாரியில் கிருஷ்ணமாசார்யலுவும் கோலாசலம் சீனிவாசராவும் எதிரெதிர்ச் சபைகளாய் நின்று போட்டியிட்டனர். தமிழகத்துப் போட்டியோ வேறு வகையினது. ஒருபுறம், சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டையே உயிராகக் கொண்டு, தொழில்முறைக் குழுக்களுக்குப் புராண நாடகங்களை யாத்தளித்தார். மறுபுறம், சம்பந்தனார் உரைநடையை முன்னிறுத்தி, விடியவிடிய நடந்த கூத்தைச் சில மணிநேரத்தில் அடக்கினார். இசையின்றி நாடகம் நிற்குமா என்பதே வழக்கு. 'மனோகரா' விடையாயிற்று.

பகையினும் கூரியது அவரது நகை. 'சபாபதி'யில் மந்தமதி படைத்த செல்வரையும், ஏவியதைப் பிறழக் கொள்ளும் அதே பெயர்ப் பணியாளனையும் எதிரெதிர் நிறுத்தினார். நகைப்புக்கு ஆளானது சென்னையின் செல்வக்குடி வாழ்வு. சபைக்கு வந்து கைதட்டியவர்களும் அவ்வாழ்வினரே. ஏழையை எள்ளி எளிதிற் சிரிப்பூட்டும் அங்கதம் அன்று அது. தன் கூட்டத்தையே நோக்கித் திரும்பியது. 1941இல் அது திரைப்படமுமாயிற்று.

வழக்கறிஞராய் விளங்கிய அவர், 1924 முதல் 1928 வரை சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாய் அமர்ந்தார். அப்பதவியின் பொருட்டும் மேடையைத் துறந்தாரல்லர். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியது உட்படத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். 1959இல் பத்மபூஷண் பெற்றார், 1964இல் மறைந்தார்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். அவரிடம் பயின்ற டி. கே. எஸ். சகோதரர்களே 'மனோகரா'வையும் ஊர்தோறும் நடித்துப் புகழ்பெற்றனர். பாட்டின் பள்ளியில் வளர்ந்த நாவே உரைநடைக்கு உயிரூட்டியது. எதிரெதிர் ஓடிய இரு கால்வாய்களும் ஒரே வயலில் பாய்ந்தன. தமிழ் நாடகம் விளைந்தது.