தம்பி காத்த தமக்கை

சேக்ஸ்பியர் நாடகக் கதைகளை நான் முதன்முதற் படித்தது கீழ்வகுப்பிலே. அந்நூலின் ஆசிரியர் சார்ள்ஸ் லாம் என்றே அன்று மனனஞ் செய்தேன். அதிலுள்ள இருபது கதைகளுட் பதினான்கை எழுதியவர் அவருடைய தமக்கை மேரி என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தேன். 1807இல் வெளிவந்த முதற்பதிப்பின் முகப்பில் அவர் பெயர் இல்லை. அந்தப் பெயரைத் தேடிப்போன எனக்குக் கிடைத்தது இலக்கிய வரலாறு மட்டுமன்று.

மேரி 1764இற் பிறந்தவர். தம்பியினும் பத்து வயது மூத்தவர். வறுமைப்பட்ட அவ்வீட்டிலே பகலெல்லாம் தையல் வேலை செய்து, இரவெல்லாம் நோயுற்ற தாய்க்குப் பணிவிடை செய்தார். அறிவு தளர்ந்த தந்தையும் அவர் பொறுப்பே. 1796 செப்டெம்பர் 22ஆம் நாள், உணவு வேளையில், சித்தம் பேதலித்துக் கத்தியை எடுத்தார், தாய் இறந்தார். கத்தியைப் பறித்தவர் இருபத்தொரு வயதுத் தம்பி. முந்திய குளிர்காலத்திலே தாமும் ஆறு வாரம் மனநோய் விடுதியில் இருந்து மீண்டவர் அவர்.

சித்தசுவாதீனம் இன்றி நிகழ்ந்த செயலென்று விசாரணையில் முடிவாயிற்று. மேரியைப் பொது விடுதியில் விட்டுவிடலாமென்பது மூத்த தமையன் ஜோனின் எண்ணம். தம்பியோ வாழ்நாள் முழுதும் தாமே பார்ப்பதாகப் பொறுப்பேற்றார். கிழக்கிந்தியக் கம்பனியிற் கணக்கெழுதும் எழுதுவினைஞர் அவர். 1799இல் தந்தை இறந்தபின் தமக்கையை வீட்டுக்கே அழைத்து வந்தார், தாம் மணஞ்செய்யவில்லை.

நோய் நீங்கவில்லை. ஆண்டுதோறும் என்னுமளவுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. உறக்கங் கெடுவதே அதன் முன்னறிகுறி என்பதை இருவரும் கற்றுக்கொண்டனர். அது தோன்றியதும் கைகளைக் கட்டும் அங்கியை எடுத்துக்கொண்டு, கைகோத்து அழுதபடி, வயல்வழியே ஹொக்ஸ்ரன் விடுதியை நோக்கி நடப்பர். அந்நடையை எண்ணும்போதெல்லாம் என் மனம் கலங்கும். அக்காலத்தில் இந்நோய்க்குத் தக்க மருந்தில்லை. எனினும், அழைத்துச் செல்லும் கை தெரிந்த கையாக இருந்ததே!

நோயினும் கொடியது ஊரார் வாய். பென்றன்வில்லிற் குடியிருந்தபோது கதை பரவி, 1800இல் வீடு மாறவேண்டியதாயிற்று. ஆயினும் நண்பர்கள் விலகவில்லை. கோல்றிட்ஜ், வேர்ட்ஸ்வேர்த், ஹஸ்லிற் முதலியோர் கூடிய மாலைகளில் மேரி இரங்கத்தக்க நோயாளியாக அல்லர், வீட்டுத் தலைவியாகவே வீற்றிருந்தார். எழுத்தாலே வருவாயும் வந்தது. 1809இல் தம்பியுடன் சிறுமியர்க்கான கதைநூலொன்றை எழுதினார், பெரும்பகுதி அவருடையதே. 1815இல் பெண்களின் தையற்றொழிலைப்பற்றிப் புனைபெயரிற் கட்டுரை வரைந்தார். ஊசி பிடித்துத் தேய்ந்த விரல்களுக்கு அதை எழுத உரிமையுண்டு.

1825இற் சார்ள்ஸ் ஓய்வு பெற்றபோது ஆண்டுக்கு 450 பவுண் ஓய்வூதியம் விதிக்கப்பட்டது. அதில் 9 பவுணைத் தமக்குப்பின் தமக்கைக்கு உதவும்பொருட்டுக் கழிக்கச் செய்தார். இச்சிறு தொகையை, அவர் எழுதிய கட்டுரைகள் பலவற்றினும் மேலாக நான் மதிக்கிறேன். நோய்க்காலங்கள் நீளவே, 1833இல் எட்மன்ரனில் நோயாளரைப் பராமரிப்போர் வீட்டுக்குத் தாமும் குடிபெயர்ந்தார்.

அடுத்த ஆண்டு டிசெம்பர் 27இல் தம்பியே முந்திக்கொண்டார். கம்பனி மேரிக்கு உதவிப்பணம் வழங்கியது. பின்னும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1847 மே 20இல் அவர் மறைந்தார். எட்மன்ரன் கோவில் முற்றத்திலே, தம்பியை அடக்கிய குழியிலேயே அவரையும் அடக்கினர்.