ஆட்டத்தின் விதியை மாற்றலாமா? ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ கேரி கைகாக்ஸின் கதை

‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடர் பார்த்தவர்களுக்கு அந்த அடித்தளம் நினைவிருக்கும். நாலு பையன்கள், ஒரு மேசை, கையில் டைஸ், வாயில் கதை. அவர்கள் ஆடுவது ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, சுருக்கமா டி அண்ட் டி. இன்று உலகம் முழுக்க ஆடப்படும் இந்த விளையாட்டை டேவ் ஆர்னெசனுடன் சேர்ந்து உருவாக்கியவர் கேரி கைகாக்ஸ். தொடக்கத்தில், பிடிக்காத விதியை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதினார். அஞ்சாறு வருஷத்தில், மாற்றினால் அது என் விளையாட்டே இல்லை என்றார். கடைசியில் அந்த விளையாட்டே அவர் கையை விட்டுப் போனது. அது எப்படி நடந்தது?

யார் இந்த கைகாக்ஸ்?

எர்னஸ்ட் கேரி கைகாக்ஸ் 1938 ஜூலை 27 அன்று சிகாகோவில் பிறந்தார். அப்பா சுவிட்சர்லாந்திலிருந்து வந்து குடியேறிய வயலின் கலைஞர். கேரிக்கு எட்டு வயதாக இருந்தபோது குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்ற சிற்றூருக்கு மாறியது. வாளும் மந்திரமும் நிறைந்த கோனன் கதைகள், செஸ், பொம்மைப் படைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டு என்று பொழுது போனது. பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை.

பிறகு சிகாகோவில் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் வேலை. எந்த ரிஸ்க்குக்கு எவ்வளவு பிரீமியம் என்று கணக்குப் போடும் பணி. அவர் விளையாட்டில் எதற்கெடுத்தாலும் ஒரு அட்டவணை இருப்பதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

1968-ல் லேக் ஜெனிவாவின் தோட்டக்கலை மண்டபத்தை 50 டாலர் வாடகைக்கு எடுத்து, போர் விளையாட்டு ரசிகர்களைக் கூட்டினார். அதுதான் இன்றும் நடக்கும் ‘ஜென் கான்’ மாநாட்டின் தொடக்கம். 1970-ல் வேலை போனது. வீட்டில் மனைவி, பிள்ளைகள். வீட்டின் அடித்தளத்தில் செருப்புத் தைத்துக்கொண்டே விளையாட்டு விதிகள் எழுதினார். 1971-ல் ஜெஃப் பெரெனுடன் சேர்ந்து ‘செயின்மெயில்’ என்ற இடைக்காலப் போர் விதிப்புத்தகத்தை வெளியிட்டார். அதன் பின்னிணைப்பில் மந்திரவாதிகளும் டிராகன்களும் இருந்தார்கள்.

பொறி எங்கிருந்து வந்தது?

பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் டேவ் ஆர்னெசன் என்ற இளைஞர் இருந்தார். அவருடைய நண்பர் டேவிட் வெஸ்லி, ஒவ்வொருவரும் படைக்குப் பதில் ஒரே ஒரு ஆளாக ஆடும் புதுமையை 1969-ல் முயன்று பார்த்திருந்தார். ஆர்னெசன் அதை ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை நாட்டுக்குக் கொண்டுபோனார். சண்டைக்கு முதலில் பயன்பட்டது கைகாக்ஸின் ‘செயின்மெயில்’.

சிக்கல் உடனே வந்தது. அந்த விதிப்படி ஒரே அடியில் ஆள் காலி. படையில் ஒரு பொம்மை போனால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனா, வாரக்கணக்கில் பெயர் வைத்து வளர்த்த பாத்திரம் ஒரே டைஸில் செத்தால்? ஆட்டக்காரர்களுக்கு மனசு வரவில்லை. கப்பல் போர் விளையாட்டு ஒன்றுக்குத் தான் எழுதியிருந்த விதியை எடுத்துக்கொண்டதாக ஆர்னெசன் பின்னாளில் சொன்னார். அடி விழ விழப் புள்ளிகள் குறையும், பூஜ்யம் ஆனால்தான் மரணம். இன்று மொபைல் கேம்களில் தலைக்கு மேல் ஓடும் ‘ஹெல்த் பார்’ இந்த ‘ஹிட் பாயின்ட்’ வழியில் வந்ததுதான்.

இன்னொரு சம்பவம். ஒரு ஆட்டக்காரரின் பாத்திரம் ரத்தக்காட்டேரியாக மாறி யாராலும் அடிக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. அவரை ஆட்டத்தை விட்டு அனுப்புவதா? ஆர்னெசன் அப்படிச் செய்யவில்லை. காட்டேரியை விரட்டும் சக்தியோடு பூசாரி போன்ற ஒரு பாத்திரத்தை இன்னொருவருக்குக் கொடுத்தார். டி அண்ட் டி-யின் ‘கிளெரிக்’ பிறந்தது இப்படித்தான்.

இதற்குத்தான் ‘ஹவுஸ் ரூல்ஸ்’ என்று பெயர். அச்சில் இல்லாத, அந்த மேசைக்கு மட்டுமே செல்லுபடியாகும் விதி. மொத்த விளையாட்டும் முளைத்தது அதிலிருந்துதான்.

மேசையில் பேரம்

1972 இறுதியில் ஆர்னெசன் லேக் ஜெனிவா வந்து பிளாக்மூரை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் விழுந்துவிட்டார். ஆர்னெசனிடம் குறிப்புகளை வாங்கி, ராத்திரி பகலாகத் தட்டச்சு செய்தார். கூடவே ‘கிரேஹாக்’ என்ற தன் கோட்டையையும் வரைந்தார். அதில் முதலில் இறங்கியவர்கள் அவருடைய பிள்ளைகள் எர்னியும் எலிஸும்.

டோல்கீன் நாவல்களால் எல்ஃப், குள்ளர், ஹாபிட் மீது அன்றைய இளைஞர்களுக்குப் பெரிய மோகம். கைகாக்ஸுக்கு அவ்வளவு ஈர்ப்பு இல்லை; அவர் கோனன் கட்சி. ஆனாலும் ஆட்டக்காரர்கள் கேட்டதால் சேர்த்தார், ஒரு கடிவாளத்தோடு. குள்ளர் வீரனாக ஆறாம் நிலை வரைக்கும், ஹாபிட் நான்காம் நிலை வரைக்கும்தான் வளரலாம். மனிதருக்கு உச்சவரம்பு இல்லை. டிராகனாக ஆட ஆசையா? அதற்கும் இடம் இருந்தது, ஆனால் குட்டி டிராகனாகத் தொடங்கி மற்றவர்களைப் போலப் படிப்படியாகத்தான் வளர வேண்டும். கேட்டதை மறுக்காமல், ஆட்டமும் கெடாமல் ஒரு நடுவழி.

பதிப்பாளர் கிடைக்காததால் 1973 அக்டோபரில் பால்ய நண்பர் டான் கேயுடன் சேர்ந்து டி.எஸ்.ஆர். என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு பிரையன் புளூம் 2,000 டாலருடன் சேர்ந்தார். 1974 ஜனவரியில் மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட பெட்டி 10 டாலர் விலையில் வந்தது. கையாலேயே அடுக்கிய அந்த 1,000 பிரதிகளும் ஓராண்டுக்குள் விற்றுத் தீர்ந்தன. விதிகளில் ஓட்டைகள் ஏராளம். எங்களிடம் கேட்காதீர்கள், நீங்களே முடிவு செய்யுங்கள் என்ற தொனியில்தான் அந்தப் புத்தகம் முடிந்தது.

ரசிகர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவின் ஒரு குழு ‘திருடன்’ பாத்திரத்தை உருவாக்கி ஆடியது. அதைத் தொலைபேசியில் கேட்ட கைகாக்ஸ் தன் பாணியில் மாற்றி எழுதி, 1975-ல் வந்த துணைநூலில் சேர்த்துவிட்டார். விதிகள் புரியவில்லை என்று கென் செயின்ட் ஆன்ட்ரே தானே எழுதிய ‘டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்’ அதே வருஷம் தனி விளையாட்டாகவே வந்தது.

ஏன் மனம் மாறினார்?

1975 ஜனவரியில் டான் கே மாரடைப்பால் இறந்தார். வயது 36. கேயின் பங்கை முழுதாக வாங்கும் அளவுக்கு கைகாக்ஸிடம் பணமில்லை. புளூம் குடும்பத்தின் கை ஓங்கியது. விளையாட்டு வளர்ந்தது, கூடவே குழப்பமும். ஒரு ஊர் மேசையில் வளர்ந்த பாத்திரத்தை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோனால் அங்கே விதியே வேறு. பல ஊர்க்காரர்கள் கூடும் போட்டிகளில் யார் விதி செல்லும்?

1977 முதல் 1979 வரை ‘அட்வான்ஸ்டு டி அண்ட் டி’ மூன்று தடித்த புத்தகங்களாக வந்தது. எல்லோருக்கும் ஒரே விதி என்பதே இப்போது நோக்கம். ஹவுஸ் ரூல்ஸ் போட்டு ஆடுபவர்கள் இந்த விளையாட்டை ஆடவில்லை என்று இதழ்களில் கண்டிப்பாக எழுதினார். இதில் வேடிக்கை, அந்தப் புத்தகங்களின் சிக்கலான விதிகள் பலவற்றைத் தன் சொந்த மேசையில் தானே பயன்படுத்தவில்லை என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

புதிய வரிசையில் ஆசிரியராக இருந்தது கைகாக்ஸ் பெயர் மட்டும். ஆர்னெசன் 1979-ல் வழக்குப் போட்டார். இது பழைய விளையாட்டின் தொடர்ச்சி, எனக்கும் ராயல்டி உண்டு என்பது அவர் வாதம். 1981-ல் சமரசம் ஏற்பட்டது. இருவரும் இணைப் படைப்பாளிகள் என்பது பதிவானது. ஒரு மேசையில் பத்துப் பேர் பேசிப் பேசி உருவாக்கிய விதி யாருக்குச் சொந்தம்? நட்பாக இருந்தவரை யாரும் கேட்காத கேள்வி அது. பணம் வந்ததும் நீதிமன்றம் வரை போனது.

சொந்த வீட்டிலிருந்தே வெளியே

1980-களில் இந்த விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது, பேய் வழிபாடு என்றெல்லாம் அமெரிக்காவில் பீதி கிளம்பியது. கைகாக்ஸ் தொலைக்காட்சியில் வந்து பதில் சொன்னார். டி அண்ட் டி கார்ட்டூன் வேலையாக ஹாலிவுட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தபோது நிறுவனம் கடனில் தள்ளாடியது. 1985-ல் லொரெய்ன் வில்லியம்ஸ் என்ற நிர்வாகி புளூம்களின் பங்குகளை வாங்கிப் பெரும்பான்மை பெற்றார். வழக்கில் தோற்ற கைகாக்ஸ் அடுத்த ஆண்டே வெளியேறினார். கிரேஹாக் உலகம் நிறுவனத்திடம் போனது. அவர் ஆண்டுக்கணக்கில் ஆடிய மந்திரவாதி மோர்டன்கைனனும் நிறுவனத்தின் சொத்தானான்.

1992-ல் ‘டேஞ்சரஸ் ஜர்னீஸ்’ என்று புதிய விளையாட்டு எழுதினார். டி.எஸ்.ஆர். வழக்குப் போட்டது. முன்பு ரசிகர்களிடம் இவர் காட்டிய அதே கண்டிப்பு, இப்போது இவர் மீதே திரும்பியது. வழக்கு சமரசத்தில் முடிந்து அந்த விளையாட்டும் நின்றது.

1997-ல் டி.எஸ்.ஆரை ‘விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ வாங்கியது. 2000-ல் அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிப் பதிப்பிக்கலாம் என்ற திறந்த உரிமம் வந்தது. வட்டம் சுற்றி, 1974-ன் மனநிலைக்கே விளையாட்டு திரும்பியது.

கைகாக்ஸும் கடைசிக் காலத்தில் எளிமைக்குத் திரும்பினார். 2004-ல் பக்கவாதம் தாக்கிய பிறகும் லேக் ஜெனிவா வீட்டில் வாராவாரம் நண்பர்களை உட்காரவைத்து ஆட்டம் நடத்தினார். 2008 ஜனவரி வரை அது தொடர்ந்தது. அதே ஆண்டு மார்ச் 4 அன்று, 69 வயதில் காலமானார். அடுத்த ஆண்டு ஆர்னெசனும் போய்ச் சேர்ந்தார்.

இப்போது எப்படி ஆடுகிறார்கள்?

இன்று பல குழுக்கள் ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு நாள் உட்கார்ந்து பேசுகின்றன. அதற்கு ‘செஷன் ஜீரோ’ என்று பெயர். யார் என்ன பாத்திரம், எந்த விதி வேண்டும், எது வேண்டாம், கதையில் எந்த விஷயத்தைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அங்கேயே முடிவாகும். ஒருவருக்குக் காட்டேரியாக ஆட ஆசை என்றால் அது மற்றவர்கள் ஆட்டத்தைக் கெடுக்குமா என்று அங்கேயே கேட்டுவிடுகிறார்கள். பிளாக்மூர் மேசையில் ஆட்டம் முற்றிய பிறகு நடந்த பேரம், இப்போது முதல் டைஸ் உருள்வதற்கு முன்பே நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.