பெயரை விற்ற கைவினைஞர்

மாண்டலின் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர் உ. ஸ்ரீநிவாஸ். மேலைநாட்டுக் கருவி ஒன்றில் கர்நாடக இசையின் கமகங்களை இழைத்துக் காட்டிய மேதை அவர். அவர் வாசித்தது மின்சார மாண்டலின். மின்சாரத் துணையின்றி, மரத்தின் அதிர்வாலேயே ஒலிக்கும் பழைய மாண்டலினின் உருவத்தை மாற்றியவர் வேறொருவர். உலகெங்கும் கிதார்களின் தலைப்பகுதியில் பொறிக்கப்படும் 'கிப்சன்' என்ற பெயருக்கு உரியவர் அவர்தான். பெயரை அறிந்த அளவுக்கு அந்த மனிதரை உலகம் அறியவில்லை.

ஆர்வில் கிப்சன் 1856-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கனடா எல்லையை ஒட்டிய ஒரு சிற்றூரில் பிறந்தார். பின்னர் மிச்சிகன் மாநிலத்தின் கலமஸூ நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே காலணிக் கடையில் பணியாளராக இருந்தார். உணவகத்திலும் வேலை பார்த்தார். மரத்தைச் செதுக்குவது அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடு. 1890-களின் நடுப்பகுதிக்குள் அந்த ஈடுபாடே அவருடைய தொழிலாகிவிட்டது.

அமெரிக்காவில் மாண்டலின் மோகம் பெருகிவந்த காலம் அது. ஊர்தோறும் மாண்டலின் குழுக்கள் தோன்றின. அன்று வழக்கில் இருந்தது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து வடிவம். மெல்லிய மரப்பட்டிகளைச் சூடேற்றி வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டி, பாதியாகப் பிளந்த பேரிக்காய் போன்ற குடத்தை உருவாக்குவார்கள். அதன்மீது மெல்லிய மேற்பலகையைப் பொருத்துவார்கள். பார்வைக்கு அழகான கருவி. ஆனால், குடம் உருண்டையானதால் மடியில் நிலையாக அமராது.

கிப்சனின் பார்வை வயலின்மீது சென்றது. மாண்டலினுக்கும் வயலினுக்கும் சுருதியமைப்பு ஒன்றே. வயலினில் நான்கு தந்திகள். மாண்டலினில் அவையே இரட்டை இரட்டையாக எட்டு. சுருதியில் உறவு இருக்கும்போது உடலமைப்பில் ஏன் இருக்கக்கூடாது? வயலினின் மேற்பலகையையும் அடிப்பலகையையும் போலவே மாண்டலினின் இரு பலகைகளையும் தடித்த மரத்திலிருந்து வளைவாகச் செதுக்கி எடுத்தார். குடம் மறைந்தது, மடியில் அமரும் தட்டையான உடல் வந்தது.

மரவேலையைப் பொழுதுபோக்காகக் கொண்டவன் என்ற முறையில், 1898 பிப்ரவரி 1 அன்று அவருக்கு வழங்கப்பட்ட காப்புரிமை ஆவணத்தை நான் ஆர்வத்தோடு படித்தேன். எனக்கு வியப்பளித்த செய்தி ஒன்று அதில் உண்டு. பின்னாளில் அவருக்குப் புகழ் தேடித் தந்தது வளைவாகச் செதுக்கிய மேற்பலகை. ஆவணத்தில் அவர் பெரிதும் வலியுறுத்துவதோ கருவியின் பக்கச் சுவர்களை! அவற்றை வளைத்து ஒட்டலாகாது, முழு மரத்திலிருந்தே அறுத்துக் குடைந்தெடுக்க வேண்டும் என்கிறார். கழுத்தின் ஒரு பகுதியையும் உள்ளே குடைந்து, ஒலிக்கும் வெளியைப் பெரிதாக்குகிறார். உள்ளே முட்டுச் சட்டங்கள் கூடாது என்பதும் அவர் கொள்கை.

இவை அனைத்துக்கும் அடிப்படை ஒரே நம்பிக்கை: வளைத்து அடக்கப்பட்ட மரம் நன்றாக அதிராது, தன் இயல்பில் விடப்பட்ட மரமே முழுமையாக ஒலிக்கும். உளியும் இழைப்புளியும் பிடித்துப் பழகியவர்களுக்கு இந்த நம்பிக்கை அந்நியமாகத் தோன்றாது. பலகையைச் சிறிது சிறிதாகச் செதுக்கி, விரலால் தட்டிக் கேட்கும்போது, அதன் ஒலி மெல்ல மாறிவருவதை நானும் கேட்டிருக்கிறேன். நடுவில் தடிப்பாகவும் ஓரங்களில் மெலிவாகவும் பலகையை விடுவதற்கு அளவுகோல் மட்டும் போதாது, காதும் வேண்டும். கூலிக்கும் நேரத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டிய பட்டறைக்காரர் முழு மரத்தைக் குடைந்து பக்கச் சுவர் செய்யத் துணியமாட்டார். மரம் வீணாகும், நாள்கள் கரையும். கேட்பார் இல்லாத ஆர்வலருக்கே அந்தத் துணிச்சல் வாய்க்கும்.

ஆனால், தேவை பெருகியபோது தனியொருவரின் கைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1902 அக்டோபரில் ஐந்து முதலீட்டாளர்கள் சேர்ந்து, அவர் பெயரிலேயே மாண்டலின்–கிதார் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்த ஐவரில் கிப்சன் இல்லை. காப்புரிமைக்காக அவருக்குக் கிடைத்த தொகை 2,500 டாலர். சிறிது காலத்திலேயே, அவர் உண்மையில் வேலை செய்த நேரத்துக்கு மட்டுமே ஊதியம் என்று நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றியது. தன் பெயர் தாங்கிய நிறுவனத்தில் அவர் நேரக் கணக்கில் கூலி பெறுபவரானார்.

அதைவிடப் பெரிய இழப்பும் நேர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அவருடைய உயிர்க்கொள்கைகளான முழு மரத்துப் பக்கச் சுவரையும் குடைந்த கழுத்தையும் நிறுவனம் கைவிட்டது. பக்கங்கள் மீண்டும் வளைத்தே செய்யப்பட்டன. செதுக்கிய மேற்பலகையும் அடிப்பலகையும் மட்டும் நின்றன. 1922-இல் லாயிட் லோர் என்னும் இசைக்கலைஞரின் மேற்பார்வையில் அந்நிறுவனம் வெளியிட்ட எஃப்-5 மாண்டலின், இன்றளவும் கருவி செய்வோர் பின்பற்றும் முன்மாதிரியாக விளங்குகிறது. வயலினில் உள்ளதைப் போன்ற ஒலித்துளைகளை அதில் லோர் அமைத்தார். 1952-இல் வந்த லெஸ் பால் மின்சார கிதாரின் முகப்பிலும் அந்தச் செதுக்கு வளைவு தொடர்ந்தது.

இவற்றைக் காண கிப்சன் இல்லை. 1907 முதல் 1911 வரை பலமுறை மருத்துவமனையில் இருந்தார். 1908 முதல் நிறுவனம் அவருக்கு ஆண்டுக்கு 500 டாலர் வழங்கிவந்தது. 1916-இல் மீண்டும் நோயுற்ற அவர், 1918 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் ஆக்டன்ஸ்பர்க் நகர அரசு மனநல மருத்துவமனையில் காலமானார்.

நிறுவனம் செய்தது தவறா? கணக்கின்படி பார்த்தால் இல்லை. பக்கச் சுவரை வளைத்துச் செய்ததால் கருவிகள் பெருகின. அவற்றின் நாதமும் கெடவில்லை. மரத்தை வளைக்கலாகாது என்ற அவர் கொள்கையைக் காலம் ஏற்கவில்லை என்றே நான் கருதுகிறேன். ஆயினும், அந்தப் பிடிவாதமான கொள்கை இல்லாவிட்டால், பலகையைச் செதுக்கும் எண்ணமே அவருக்குத் தோன்றியிருக்காது. அவருடைய பிழையும் கண்டுபிடிப்பும் ஒரே மரத்தின் இரு கிளைகள். ஒன்றை வெட்டி எறிந்து மற்றொன்றை வைத்துக்கொள்ளும் வசதி பின்னால் வந்தவர்களுக்கே கிடைத்தது.

நம் காலத்திலும், தனியாக ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் ஆர்வலரை நாம் விசித்திரமானவர் என்று ஒதுக்குகிறோம்; அவர் கண்டது விலைபோகும் எனத் தெரிந்ததும் அதை மட்டும் வாங்கிக்கொள்கிறோம். ஒப்பந்தத்தில் ஒருவருடைய பெயருக்கும் காப்புரிமைக்கும் விலை எழுதலாம். அவருடைய எஞ்சிய காலத்துக்கும் சோதனைகளுக்கும் மதிப்புக்கும் அதே ஒப்பந்தத்தில் இடம் ஒதுக்குவதே நியாயம். கலமஸூவின் காலணிக் கடைப் பணியாளருக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை.