அலங்காரம் அல்ல, அவையில் இடம்

தொழில்நுட்பக் கண்காட்சிகளின் விளம்பரங்களைக் காணும்போதெல்லாம் எங்கள் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நினைவுக்கு வருகிறார். கருவியின் அருகே புன்னகைத்து நிற்பவர் பெண். அதைப் பற்றி மேடையில் விளக்குபவர் ஆண். விழாவுக்கு அழகு பெண், அறிவு ஆண் என்னும் இந்தப் பாகுபாடு கணினியைவிட மிகப் பழையது.

முத்துலட்சுமி 1886இல் பிறந்தார். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். விழாக்களில் பெண்ணின் ஆடலையும் தோற்றத்தையும் கொண்டாடிய சமூகம், அதே பெண்ணுக்குக் குடும்ப மதிப்பை மறுத்தது. அந்த முரணை அவர் வீட்டிலேயே அறிந்து வளர்ந்தார்.

ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் அவர் சேர விரும்பியபோது, மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்பு எழுந்தது. விழாவில் வரவேற்கப்பட்ட பெண் வகுப்பறையில் ஆபத்தாகத் தெரிந்தாள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி, 1912இல் மருத்துவரானார்.

பின்னர் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரானார். அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினர் தங்கள் கலையும் வாழ்வாதாரமும் பறிபோகும் என்று எதிர்த்தனர். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று, அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை.

ஆயினும், பொருளியல் பயின்றவன் என்ற முறையில் நான் முதன்மையாகக் கருதுவது 1929ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தை. கோயில் பணிக்கு ஈடாகப் பெற்றிருந்த மானிய நிலங்களை, அப்பணியிலிருந்து விடுபட்ட பின்னரும் அப்பெண்களே வைத்துக்கொள்ள அது வழிசெய்தது. வழக்கத்தையே தடுக்கும் சட்டம் 1947இல் வந்தது. இதற்கிடையே, ஆதரவற்ற பெண்கள் தங்கிப் பயில அவர் ஔவை இல்லத்தைத் தொடங்கியிருந்தார். உடன்பிறந்தவளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. 1968இல் மறைந்தார்.

அவர் வாழ்வு தரும் பாடம் எளியது. விளம்பரப் பலகையிலிருந்து பெண்ணின் படத்தை அகற்றுவது பாதி வேலையே. அங்கு நிற்பவளின் பிழைப்பை மட்டும் அது பறித்துவிடலாகாது. பேச்சாளர் பட்டியலிலும் ஆய்வுக்கூடத்திலும் நிர்வாகக் குழுவிலும் பெண்ணுக்கு இடம் தருவதே மீதி வேலை. அடுத்த விழாவின் அழைப்பிதழ் அச்சாகும் முன், அமைப்பாளர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.