கேள்வி கேட்ட வழக்கறிஞர்

வழக்கறிஞரின் கருப்பு அங்கியைக் காணும்போது வாதத் திறமையும் வருவாயுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்த அங்கியின் கடமைக்காகவே சிறை சென்று மாண்ட ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவரே ஜெர்மனி நாட்டு ஹான்ஸ் லிட்டன்.

அவர் 1903ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஹாலே நகரில் பிறந்தார். தந்தையார் சட்டப் பேராசிரியர். யூதக் குலத்தில் பிறந்து கிறிஸ்தவராக மாறியவர். அன்னையின் பெயர் இர்ம்கார்ட். மைந்தரின் மனமோ கலையிலும் கவிதையிலும் தோய்ந்திருந்தது. ஆயினும் தந்தையின் விருப்பத்திற்கிணங்கச் சட்டம் பயின்று, சிறப்பாகத் தேறினார். 1928இல் பெர்லினில் நண்பர் ஒருவருடன் இணைந்து அலுவலகம் தொடங்கினார். எளிய தொழிலாளரும், அரசியல் காரணத்தால் வழக்கில் சிக்கியவரும் அவரை நாடி வந்தனர்.

அந்நாளில் நாஜிக் கட்சியின் அடியாட்படை தெருக்களில் வன்முறையை வளர்த்து வந்தது. 1930 நவம்பரில் பெர்லினில் தொழிலாளர் கூடியிருந்த ஈடன் நடன அரங்கில் அப்படையினர் புகுந்து தாக்கினர். காயமுற்ற தொழிலாளர் நால்வருக்காக லிட்டன் வழக்காடினார். தம் கட்சி சட்டத்தை மீறாது என்று ஹிட்லர் முன்னரே வேறொரு நீதிமன்றத்தில் உறுதி கூறியிருந்தார். அது உண்மைதானா என்பதை ஹிட்லரின் வாயாலேயே வெளிப்படுத்த விரும்பிய லிட்டன், அவரைச் சாட்சியாக அழைத்தார்.

1931 மே 8ஆம் நாள் ஹிட்லர் நீதிமன்றத்தில் நின்றார். அவரைக் கேள்வி கேட்டவருக்கு வயது இருபத்தேழுதான்! ஏறத்தாழ மூன்று மணி நேரம், குரலை உயர்த்தாமல், ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் பிறந்தன. மேடைகளில் முழங்கியவர் அங்கே தடுமாறினார். சினத்தால் முகம் சிவந்தார். அந்த நாளை அவர் மறக்கவேயில்லை.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சித் தலைவரானார். நாட்டை விட்டு வெளியேறும்படி நண்பர்கள் வற்புறுத்தினர். இலட்சக்கணக்கான தொழிலாளர் போக வழியின்றி இருக்க, தாம் மட்டும் தப்பிச் செல்வது தகாது என்று லிட்டன் மறுத்துவிட்டார். பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றிய இரவு கழியும் முன்னரே, பிப்ரவரி 28 அன்று, அவர் கைது செய்யப்பட்டார். பாதுகாப்புக் காவல் என்பது அதற்குச் சூட்டப்பட்ட பெயர். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை!

சிறையில் அவர் கொடுமையாக வதைக்கப்பட்டார். ஒரு கட்டத்தில் வேதனை தாங்காமல், தாம் முன்பு வாதாடிய வழக்கு ஒன்றைப் பற்றி வதைத்தவர்கள் விரும்பியதைச் சொல்லிவிட்டார். ஆனால் அந்தப் பொய் பிறருக்குத் தீங்காகும் என்று அவர் மனம் துடித்தது. மீண்டும் வதைக்கப்படுவோம் என்று அறிந்தே, அந்த வாக்குமூலம் உண்மையன்று என எழுதிக் கொடுத்தார். நீதிமன்றத்தில் பெற்ற புகழைவிட, தவறிய பின் எழுந்து நின்ற இந்த வீரமே பெரிதென நாம் எண்ணுகிறோம்.

சோனன்பர்க், லிக்டன்பர்க், புகன்வால்ட் என்று முகாம் மாறி முகாம் அடைக்கப்பட்டார். உடல் நலிந்தது, உள்ளம் நலியவில்லை. மனப்பாடமாக அறிந்திருந்த கவிதைகளை உடன் வாடியவர்களுக்குச் சொல்லி மகிழ்வித்தார். நாஜிகள் நடத்திய விழா ஒன்றில், காவலர் முன்னிலையிலேயே, சிந்தனைக்கு விலங்கிட முடியாது என்னும் கருத்துடைய பழைய பாடலை அச்சமின்றிச் சொன்னார்.

வெளியே அவருடைய அன்னை ஓயவில்லை. அதிகாரிகளின் வாயில்தோறும் சென்று மன்றாடினார். மகனுக்கும் தாய்க்கும் இடையே சங்கேதக் கடிதங்கள் நடந்தன. 1935இல் பிரிட்டனின் ஆலன் பிரபு ஹிட்லருக்கே எழுதிக் கேட்டார். எதுவும் பயன் தரவில்லை. 1938 பிப்ரவரி 5ஆம் நாள், டாக்கோ முகாமில், முப்பத்து நான்காம் வயதில் லிட்டனின் வாழ்வு முடிந்தது. நாட்டை விட்டு வெளியேறிய அன்னை, மகனின் கதையை நூலாக்கி 1940இல் உலகறியச் செய்தார்.

இன்று பெர்லினில் நீதிமன்றம் அமைந்துள்ள தெரு லிட்டனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்தெருவிலுள்ள ஜெர்மானிய வழக்கறிஞர் பேரவையின் இல்லமும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அன்புத் தோழியரே! நம்முள் சிலர் நாளை வழக்கறிஞர் ஆகலாம். பலர் வேறு துறைகளுக்குச் செல்லலாம். எங்கிருப்பினும் எளியவருக்காகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று நம்மைத் தேடி வரும். அன்று நாம் வாய் மூடி நிற்காதிருப்போமாக!