மணல் கடலில் கார் ஓட்டியவர்

பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகும்போது என்னவெல்லாம் எடுத்து வைப்பீர்கள்? புளியோதரை, தண்ணீர் பாட்டில், தொப்பி... ஏதாவது ஒன்றை மறந்துவிட்டாலும் கவலை இல்லை. வழியில் கடை இருக்கும். ஆனால், பல நாட்கள் பயணம் செய்தாலும் ஒரு கடையோ, கிணறோ, மரமோ கண்ணில் படாத இடத்துக்குப் போவதென்றால்? அங்கே மறதிக்குத் தண்டனை மரணம்தான்!

அப்படிப்பட்ட இடத்துக்குக் காரில் போய், இரவுகளில் மணலிலேயே படுத்துத் தூங்கி, பத்திரமாகத் திரும்பி வந்தவர் ரால்ஃப் பேக்னால்டு.

இவர் 1896ம் ஆண்டு, ஏப்ரல் 3ம் தேதி இங்கிலாந்தில் உள்ள டெவன்போர்ட்டில் பிறந்தார். அப்பா, ராணுவப் பொறியாளர். அக்கா ஈனிட், பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளர் ஆனார். முதல் உலகப் போரில் பிரான்சில் போரிட்ட பேக்னால்டு, போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். பிறகு மீண்டும் ராணுவத்தில் சேர்ந்தார். 1920களின் நடுவில் எகிப்து நாட்டுக்கு மாற்றப்பட்டார்.

எகிப்தின் மேற்கே இருப்பது லிபியப் பாலைவனம். அதில் ஒரு பகுதிக்கு, 'பெரும் மணல் கடல்' என்று பெயர். கடல் அலைகளைப் போல, வடக்கு தெற்காக வரிசை வரிசையாக மணல் மேடுகள் நிற்கும். சில மேடுகள் 100 மீட்டர் உயரம் இருக்கும். 1874ல் ஜெர்மனியைச் சேர்ந்த ரோல்ஃப்ஸ் என்பவர், ஒட்டகங்களுடன் அதை மேற்கு நோக்கிக் கடக்க முயன்றார், முடியவில்லை. வடக்கே திரும்பி, சீவா என்ற பாலைவனச் சோலைக்குப் போய்ச் சேர்ந்தார். ஒட்டகமே திணறிய இடத்தில் கார் எப்படிப் போகும் என்று எல்லாரும் நினைத்தனர்.

பேக்னால்டும் நண்பர்களும் விடுமுறை நாட்களில், சொந்தப் பணத்தில் புறப்பட்டனர். முதலில் சிறிய பயணங்கள். அவற்றில் கற்றுக் கொண்டு, 1929ல் பெரும் மணல் கடலுக்கே ஃபோர்டு கார்களில் சென்றனர்.

அவருடைய ஏற்பாடுகளைக் கேளுங்கள்...

முதலில் எடை. கார் கனமாக இருந்தால் மணலில் புதையும். எனவே, தேவையில்லாத பாகங்களை எல்லாம் கழற்றி விட்டார். டயரில் காற்றைக் குறைத்தார். காற்றுக் குறைந்த டயர் தட்டையாகப் பரவும்; அதனால் எளிதில் புதையாது.

அடுத்தது பெட்ரோல். சாலையில் ஓடுவதைவிட மணலில் அதிக பெட்ரோல் செலவாகும். போவதற்கு மட்டுமல்ல, திரும்பி வருவதற்கும், வழியில் சிக்கிக் கொண்டால் சமாளிப்பதற்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். பெட்ரோலை அதிகம் ஏற்றினால் எடை கூடும். குறைத்தால் பாதி வழியில் நிற்க நேரிடும். எவ்வளவு கடினமான கணக்கு பாருங்கள்! ஒரே காரில் போகவும் மாட்டார். ஒன்று பழுதானால், மற்றதில் எல்லாரும் ஏறித் திரும்ப வேண்டும் அல்லவா?

மூன்றாவது தண்ணீர். வெயிலில் கார் ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து, ஆவியாக வெளியேறிவிடும். அந்த ஆவியைக் குழாய் வழியாக, பாதி தண்ணீர் உள்ள தகர டப்பாவுக்குள் விட்டார் பேக்னால்டு. ஆவி அங்கே குளிர்ந்து தண்ணீராகும். எஞ்சின் ஆறியதும், அந்தத் தண்ணீர் தானாகவே ரேடியேட்டருக்குள் உறிஞ்சப்படும். ஒரு சொட்டுகூட வீணாகாது!

நான்காவது திசை. காரின் இரும்பு, காந்த ஊசியைத் தடுமாற வைக்கும். எனவே, சூரியத் திசைகாட்டியை அமைத்தார். வட்டத் தகட்டின் நடுவே நேராக நிற்கும் ஒரு ஊசி, அவ்வளவுதான். ஊசியின் நிழலையும், கடிகாரத்தையும் பார்த்து, காரை நிறுத்தாமலே திசை அறிந்தார். இரவில் நட்சத்திரங்களை அளந்து, தாங்கள் இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்துக் கொண்டனர்.

இவ்வளவு செய்தும் கார் புதைந்தால்? அதற்கும் வழி வைத்திருந்தார். நீளமான இரும்புத் தகடுகளைச் சக்கரத்தின் முன்னால் மணலில் பதிப்பர். அதன்மீது ஏறி, கார் வெளியே வந்துவிடும்.

'செர்சூரா' என்ற, கதைகளில் வரும் காணாமல் போன சோலையையும் அவர்கள் தேடினர். அது கிடைக்கவே இல்லை. ஆனால், வரைபடத்தில் வெறுமையாக இருந்த பெரும் பரப்பு நிரம்பியது. 1934ல் ராயல் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

1935ல் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றார். பாலைவனத்தில் பார்த்த ஒரு விஷயம் அவரை விடவில்லை. காற்று மணலை எப்படி நகர்த்துகிறது? மேடுகள் எப்படி உருவாகின்றன? காற்றைச் செலுத்தும் நீண்ட பெட்டி ஒன்றைத் தாமே அமைத்து, அதில் மணலைப் பரப்பி ஆராய்ந்தார். மணல் துகள்கள் காற்றில் தூசி போல மிதப்பதில்லை. துள்ளித் துள்ளிச் செல்கின்றன என்பதை விளக்கினார். 1941ல் வெளிவந்த அவரது நூல், இன்றும் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டி.

இதற்கிடையே இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940ல் எகிப்தில் இருந்த தளபதி வேவலிடம் தமது திட்டத்தைச் சொன்னார் பேக்னால்டு. பாலைவனத்தில் வெகுதூரம் சென்று, எதிரிகளை உளவு பார்க்கும் வாகனப் படை அமைக்க அனுமதி கிடைத்தது. அவகாசமோ ஆறே வாரம். விடுமுறைப் பயணங்களில் கற்ற அத்தனையும் அப்போது கைகொடுத்தது. நியூசிலாந்து வீரர்களைப் பழக்கி, குறித்த நாளில் படையைத் தயார் செய்துவிட்டார்.

பேக்னால்டு 1990ல், 94ம் வயதில் காலமானார். 2015ல், 'கியூரியாசிட்டி' என்ற அமெரிக்க ஊர்தி, செவ்வாய் கிரகத்தில் கருநிற மணல் மேடுகளை நெருங்கி ஆராய்ந்தது. அந்த மேடுகளுக்கு என்ன பெயர் தெரியுமா? பேக்னால்டு மணல் மேடுகள்!

குழந்தைகளே... கண்ணை மூடிக்கொண்டு குதிப்பது துணிச்சல் அல்ல. என்ன தவறு நேரலாம் என்று முன்பே யோசித்து, அதற்கு வழி செய்துவிட்டுப் புறப்படுவதே துணிச்சல். அடுத்த முறை சுற்றுலாவுக்குப் பை அடுக்கும்போது, அம்மாவிடம் விட்டுவிடாமல், நீங்களே ஒரு பட்டியல் போட்டுப் பாருங்களேன்!